வீட்டில் நாஸ் பெட்டி வச்சு படம் ஓட்டினால் ஓடிடி செலவு மிச்சமாகுமா? ஒரு ஐந்து வருடக் கணக்கு

நம்ம சேனலில் ஓடிடி சந்தா பற்றி வீடியோ போட்டாலே ஒரு கேள்வி தவறாமல் வருது. "மாசா மாசம் ஓடிடிக்குக் கட்டுறதுக்குப் பதிலா, ஒரே தடவை நாஸ் வாங்கி, படத்தை எல்லாம் அதுல போட்டு டிவியில பார்த்தா லாபம்தானே?"

கேட்பவர்களில் நிறைய பேர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள். மணலி, மாத்தூர், திருவொற்றியூர் பக்கம் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களும் உண்டு. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து பகலில் படம் பார்ப்பவருக்கு, வீட்டிலேயே எல்லாப் படமும் இருந்தால் வசதிதான். அந்த வசதிக்கு ஐந்து வருடத்தில் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிடறேன். ஓடிடி செலவைக் குறைப்பதற்காக நாஸ் வாங்கினால் கணக்கு ஒத்து வராது. வாங்க வேறு ஒரு நல்ல காரணம் இருக்கு. அதையும் பார்ப்போம்.

நாஸ் என்றால் என்ன?

நாஸ் என்பது வீட்டு ரவுட்டரோடு இணைக்கிற ஒரு சின்ன கம்ப்யூட்டர். உள்ளே ஒன்றோ இரண்டோ ஹார்ட் டிஸ்க் இருக்கும். பார்க்க ஒரு சின்ன டிபன் கேரியர் அளவு. டிவி, போன், லேப்டாப் என்று வீட்டில் வைஃபையில் இருக்கிற எதிலிருந்தும் அதில் உள்ள கோப்பைத் திறக்கலாம். ஜெல்லிஃபின், பிளெக்ஸ் மாதிரி ஒரு மென்பொருளை அதில் போட்டால், படங்கள் போஸ்டரோடு வரிசையாக டிவியில் தெரியும். வீட்டுக்குள்ளேயே ஓடுவதால் இன்டர்நெட் டேட்டா செலவாகாது. நெட் போனாலும் படம் ஓடும்.

இங்கே ஒரு சின்ன பாடம் இருக்கு. ஜெல்லிஃபின் இலவசம், 2018 டிசம்பரில் பிறந்தது. பிளெக்ஸ் ஒரு நிறுவனத்தின் பொருள். 2025 ஏப்ரல் கடைசியில் அது தன் ஆயுள் சந்தா விலையை 119.99 டாலரில் இருந்து 249.99 டாலராக ஏற்றியது. அதுவரை இலவசமாக இருந்த, வெளியூரில் இருந்து நம் வீட்டுப் படத்தைப் பார்க்கிற வசதியையும் கட்டணத்துக்கு மாற்றியது. "ஒரே தடவை செலவு" என்று நாம் நினைக்கிற பொருளுக்குள்ளும் சந்தா வந்து உட்காரலாம்.

முதல் வேலை: அலமாரியில் இருக்கிற டிஸ்க்கை எண்ணுங்க

கடைக்குப் போன உடனே "4 டெராபைட்டா, 8 டெராபைட்டா?" என்றுதான் கேட்பாங்க. அதுக்கு முன்னாடி நாம் கேட்க வேண்டியது, நான் காசு கொடுத்து வாங்கிய படம் எத்தனை என்பது.

நம்ம ஊரில் ஒரிஜினல் டிஸ்க் பழக்கம் பரவலானதற்கு ஒரு பெரிய காரணம் மோசர் பேர். 2007 வாக்கில் அந்த நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்க ஆரம்பித்தது. தமிழ்ப் படங்களும் நிறைய வந்தன. திருட்டு டிஸ்க் விலைக்கே ஒரிஜினல் கிடைத்ததால் பல வீடுகளில் ஐம்பது, அறுபது டிஸ்க் சேர்ந்தது. 2018-ல் அந்த நிறுவனத்தையே கலைக்க உத்தரவாகிவிட்டது. டிஸ்க் மட்டும் இன்னும் ஷோகேஸில் இருக்கு.

இப்ப அளவைப் பாருங்க. ஒரு அடுக்கு டிவிடியின் முழுக் கொள்ளளவு 4.7 ஜிபி. இரட்டை அடுக்கு என்றால் 8.5 ஜிபி. சராசரி 6 ஜிபி என்று வச்சுக்கிட்டாலும் 60 டிவிடிக்கு 360 ஜிபிதான். 1 டெராபைட் டிஸ்க்கில் பாதிகூட நிரம்பாது. விசிடி என்றால் ஒரு டிஸ்க் சுமார் 700 எம்பி, ஒரு படத்துக்கு இரண்டு மூன்று டிஸ்க், அவ்வளவுதான். புளூரே 25 அல்லது 50 ஜிபி வரும். ஆனால் தமிழில் புளூரே வந்த படங்கள் குறைவு, வாங்கி வச்சவங்க அதைவிடக் குறைவு.

அப்ப 8 டெராபைட் எதுக்கு? அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் பெரும்பாலும் "டவுன்லோடு பண்ணத்தான்" என்பதாக இருக்கும். அதைப் பற்றி அடுத்த பகுதியில் பேசுவோம்.

இன்னொன்று. விசிடியின் படத் தெளிவு 352க்கு 288 புள்ளிகள்தான். அன்றைக்கு 21 இன்ச் டிவியில் நல்லா இருந்தது, இன்றைக்கு 43 இன்ச் டிவியில் பார்த்தால் முகம் கலங்கித் தெரியும். பல பழைய தமிழ்ப் படங்களை உரிமை வச்சிருக்கிற நிறுவனங்களே யூடியூபில் நல்ல தெளிவில் இலவசமாகப் போட்டிருக்காங்க. அதனால் ஒவ்வொரு டிஸ்க்கையும் மாற்ற உட்காரும் முன் ஒரு தடவை தேடிப் பாருங்க. ஒரு டிவிடியைக் கோப்பாக மாற்ற அரை மணி நேரம் என்றால், 60 டிவிடிக்கு 30 மணி நேரம். உங்க வார லீவில் பல நாள் போகும். அதற்கும் ஒரு விலை உண்டு.

சட்டம் என்ன சொல்லுது?

பதிப்புரிமைச் சட்டம், 1957. இதில் மூன்று இடங்கள் நமக்கு முக்கியம்.

ஒன்று, பிரிவு 52. சொந்த, தனிப்பட்ட பயன்பாட்டுக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்துவது மீறல் ஆகாது என்று இதில் ஒரு விலக்கு இருக்கு. 2012 திருத்தத்துக்குப் பிறகு இந்த விலக்கு சினிமாவுக்கும் பொருந்தும். நீங்க வாங்கிய டிவிடியை உங்க வீட்டில் நீங்க பார்ப்பதற்காகக் கோப்பாக மாற்றினால், வாதாட உங்களுக்கு இடம் கொடுப்பது இந்தப் பிரிவுதான்.

இரண்டு, பிரிவு 65ஏ. இதுவும் 2012-ல் வந்தது. டிஸ்க்கில் இருக்கிற பூட்டை உரிமை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதம். இங்கே "நோக்கம்" என்ற வார்த்தைக்குக் கனம் அதிகம். அமெரிக்காவில் டிவிடி பூட்டை உடைப்பதே பொதுவாகத் தடை, சொந்த டிஸ்க் என்றாலும். பிரிட்டனில் 2014 அக்டோபரில் சொந்தப் பயன்பாட்டுக்குப் பிரதி எடுக்க அனுமதி கொடுத்து, 2015 ஜூலையில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த இரண்டோடு ஒப்பிட்டால் நம்ம சட்டம் கொஞ்சம் இடம் கொடுக்குது. ஆனால் இடம் வேறு, முழு உத்தரவாதம் வேறு. "ஒரு பிரச்சினையும் வராது" என்று எந்த ஆடிட்டரும் வக்கீலும் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டாங்க.

மூன்று, நிறைய பேருக்குத் தெரியாதது. "பொதுமக்களுக்குக் கொண்டு சேர்த்தல்" என்பதற்கு இந்தச் சட்டத்தில் ஒரு விளக்கம் இருக்கு. ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு, அல்லது ஹோட்டல், ஹாஸ்டல் அறைகளுக்குப் படத்தை அனுப்பினால் அது பொது ஒளிபரப்பு என்றே எடுத்துக்கொள்ளப்படும். "மாடி வீட்டுக்காரருக்கும் பாஸ்வேர்டு கொடுத்துட்டேன்", "மேன்ஷனில் ஆறு ரூமுக்கும் இதுதான் ஓடுது, ஆளுக்கு 50 ரூபாய் வாங்குறேன்" என்றால், தனிப்பட்ட பயன்பாடு என்ற பாதுகாப்பு அங்கேயே முடிஞ்சது. காசு வாங்கலைன்னாலும் முடிஞ்சதுதான்.

பாரிமுனை பர்மா பஜாரில் வாங்கிய பிரதியோ, தளத்தில் இருந்து இறக்கியதோ இந்த மூன்றுக்குள்ளும் வராது. அது முதலிலிருந்தே திருட்டுப் பிரதி. தெரிந்தே உரிமை மீறினால் பிரிவு 63-ன்படி ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தமிழ்நாட்டில் 2004-ல் வீடியோ திருட்டைக் குண்டர் தடுப்புச் சட்டத்திலேயே சேர்த்தாங்க. பாஸ்போர்ட், வெளிநாட்டு விசா, பிஎஸ்யூ வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பு என்று வாழ்க்கையில் இனிமேல்தான் ஏற வேண்டிய படிகள் இருக்கிற வயதில், படத்துக்காக ஒரு வழக்கை வாங்கிக்கொள்வது எந்தக் கணக்கிலும் லாபம் இல்லை.

இப்ப ஐந்து வருடக் கணக்கு

கீழே இருக்கிற பொருள் விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட முழு எண்கள். நீங்க கடையில் கேட்ட விலையைப் போட்டுப் பாருங்க, முறை ஒன்றுதான்.

முதல் வழி, ரெடிமேட் நாஸ்:

- இரண்டு டிஸ்க் போடுகிற பெட்டி: ரூ. 20,000
- 4 டெராபைட் டிஸ்க் இரண்டு, தலா 11,000: ரூ. 22,000
- சின்ன யுபிஎஸ்: ரூ. 4,000
- தனியாக ஒரு பேக்கப் டிஸ்க்: ரூ. 10,000
- முதல் நாள் செலவு: ரூ. 56,000

இதோடு ஐந்து வருட மின்சாரம் சுமார் 6,000 ரூபாய் (எப்படி என்று அடுத்துச் சொல்றேன்). நாஸுக்கான டிஸ்க்குகளுக்குப் பெரும்பாலும் மூன்று வருட வாரன்டி. அதனால் நாலாவது, ஐந்தாவது வருடத்தில் ஒரு டிஸ்க் மாற்ற 11,000 ஒதுக்கி வைக்கணும். மொத்தம் 73,000. அறுபது மாதத்துக்கு வகுத்தால் மாதம் சுமார் 1,217 ரூபாய்.

இன்னும் முடியலை. அந்த 56,000 ரூபாயை 7 சதவீதத்தில் ஐந்து வருடம் போட்டு வச்சிருந்தால் சுமார் 78,500 ஆகியிருக்கும். போன வட்டி 22,500. அதையும் சேர்த்தால் மாதம் சுமார் 1,590 ரூபாய்.

இரண்டாவது வழி, ஓடிடி. 2021 டிசம்பரில் நெட்பிளிக்ஸ் இந்தியாவில் விலையைக் குறைத்தபோது ஸ்டாண்டர்டு திட்டம் மாதம் 499 ரூபாய்க்கு வந்தது. அதே மாதம் அமேசான் பிரைம் வருடச் சந்தா 999-ல் இருந்து 1,499 ஆனது. இந்த இரண்டையும் வருடம் முழுக்க வச்சிருந்தால் 5,988 + 1,499 = 7,487 ரூபாய். ஐந்து வருடத்துக்கு 37,435. மாதம் சுமார் 624 ரூபாய்.

மூன்றாவது வழி, ஓடிடியை மாற்றி மாற்றி எடுப்பது. பிரைம் வருடம் முழுக்க, நெட்பிளிக்ஸ் நாலு மாதம் மட்டும். 1,499 + 1,996 = 3,495 ரூபாய். மாதம் 291 ரூபாய். பார்க்க வேண்டியதை ஒரு பட்டியல் போட்டு வச்சுக்கிட்டு, சந்தா எடுத்த மாதத்தில் பார்த்து முடிச்சிடணும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை எடுத்த அன்றைக்கே நிறுத்திடுங்க.

நாலாவது வழி, வீட்டில் கிடக்கிற பழைய லேப்டாப். அதில் ஜெல்லிஃபின் போட்டு, 10,000 ரூபாய்க்கு ஒரு வெளி டிஸ்க், பேக்கப்புக்கு இன்னொன்று. மொத்தம் 20,000. ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் ஓட்டினால் வருடத்துக்கு 37 யூனிட்கூட வராது. ஐந்து வருடத்துக்கு எல்லாம் சேர்த்து 21,300 ரூபாய், மாதம் 355. உங்க டிஸ்க் 60தான் என்றால் 1 டெராபைட் போதும், செலவு இன்னும் இறங்கும். ஆபீஸ் லேப்டாப்பை மட்டும் இதுக்குத் தொடாதீங்க. பேட்டரி உப்பியிருக்கிற லேப்டாப்பையும் இரவு பகலாக சார்ஜில் போட்டு வைக்காதீங்க.

ஆக நாஸ் மாதம் 1,217, முழு ஓடிடி 624, மாற்றி மாற்றி எடுத்தால் 291. அதிலும் நாஸில் புதுப் படம் தானாக வராது. போன வாரம் வெளியான தொடருக்கு நீங்க திரும்ப ஓடிடிதான் எடுக்கணும். அப்ப இரண்டு செலவும் சேர்ந்துதான் வரும்.

கரண்ட் பில்லில் ஒளிஞ்சிருக்கிற செலவு

இரண்டு டிஸ்க் உள்ள நாஸ் சராசரியாக 20 வாட் இழுக்கும் என்று வைப்போம். 24 மணி நேரம், 60 நாள்: 28.8 யூனிட். நம்ம மின்வாரிய பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்பதால் இந்த எண்ணை அப்படியே பில்லோடு ஒப்பிடலாம். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் ஒரு பில்லுக்கு 200 ரூபாய், வருடத்துக்கு 1,200.

முதல் 100 யூனிட் இலவசம்தானே என்று சொல்லாதீங்க. அந்த 100 யூனிட்டை உங்க ஃபேனும் ஃபிரிட்ஜும் ஏற்கெனவே சாப்பிட்டாச்சு. புதிதாக வருகிற பொருள் எப்பவும் பில்லின் உச்சியில், விலை கூடின அடுக்கில்தான் போய் உட்காரும். அதிலும் 500 யூனிட் ஒரு முக்கியமான கோடு. அதைத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த சலுகை விலையும் போயிடும். இப்ப 480 யூனிட்டில் இருக்கிற வீடு நாஸ் வந்ததும் 509 ஆகும். அந்த பில்லில் கூடுவது 29 யூனிட் விலை மட்டும் இல்லை.

வாடகை வீட்டில் சப் மீட்டர் என்றால் கதை வேற. வீட்டு ஓனர் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கினால் உங்களுக்கு இலவச யூனிட்டே கிடையாது. நாஸுக்கு மட்டும் பில்லுக்கு 288 ரூபாய்.

"நோ காஸ்ட் இஎம்ஐ", வரிக் கழிவு

56,000 ரூபாயை 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐயில் போட்டால் மாதம் 4,667. கைக்கு 35,000 வருகிறவருக்கு அது சம்பளத்தில் 13 சதவீதம். நோ காஸ்ட் என்றால் வட்டியே இல்லை என்று அர்த்தம் இல்லை. வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி தர்றாங்க, பிறகு வங்கி அந்த வட்டியை வசூல் பண்ணுது. வட்டிக்கு உண்டான 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையில். 16 சதவீத வட்டி என்று வைத்தால் வட்டி சுமார் 4,570, அதற்கு ஜிஎஸ்டி 820 ரூபாய். பிராசசிங் ஃபீ தனி. மொத்தப் பணம் கொடுத்து வாங்கினால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியும் போச்சு.

"வரியில் காட்டலாமா சார்?" சம்பளம் மட்டும் வாங்குகிறவர் காட்ட முடியாது. சம்பள வருமானத்தில் இந்த மாதிரிப் பொருளுக்குக் கழிவு கிடையாது. தொழில் வருமானமும் இருந்து, கணக்குப் புத்தகம் எழுதி, அந்தத் தொழிலுக்கே இதைப் பயன்படுத்தினால் தேய்மானம் பற்றிப் பேசலாம். உதாரணத்துக்கு, கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்கிறவர். உத்தேச வருமான முறையில் வரி கட்டுகிறவருக்குத் தேய்மானமும் அந்த சதவீதத்துக்குள்ளேயே அடக்கம். படம் பார்க்க வாங்கியதை ஆபீஸ் செலவாக எழுதித் தரச் சொல்லி உங்க ஆடிட்டரைக் கேட்காதீங்க.

அப்ப நாஸ் யாருக்கு?

படத்துக்கு மாற்று எப்பவும் கிடைக்கும். இன்றைக்கு ஒரு ஓடிடியில் இல்லைன்னா நாளைக்கு இன்னொன்றில் வரும். உங்க அப்பா அம்மா கல்யாண வீடியோ கேசட், தாத்தா பேசின ஒரு ரெக்கார்டிங், பிள்ளையின் முதல் நடை, இதை எந்த ஓடிடியும் திரும்பத் தராது. நாஸ் வாங்குவதற்கான நல்ல காரணம் இதுதான். அதை வாங்கிய பிறகு சொந்த டிவிடியையும் அதில் ஓட்டிக்கலாம், அது கூடுதல் லாபம்.

ஆனால் நாஸில் போட்டதும் பத்திரம் ஆகிடுச்சு என்று நினைக்கக் கூடாது. இரண்டு டிஸ்க்கில் ஒரே விஷயத்தை எழுதுகிற ரெய்டு முறை, ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் டேட்டா சென்டர் டிஸ்க்குகளின் கணக்கை வெளியிடுது. 2024-ல் 100-க்கு 1.57 டிஸ்க் பழுதாச்சு. அந்த ஒன்றரைக்கு ரெய்டு போதும். தவறி அழித்தால், திருட்டுப் போனால், வெள்ளம் வந்தால் இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில்தான் இருக்கு, இரண்டும் சேர்ந்தே போகும்.

நம்ம பக்கம் வெள்ளத்தைப் பற்றிப் புதுசாகச் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பர் ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குப் போச்சு. எர்ணாவூர் பக்கம் வீடுகளுக்குள்ளேயே எண்ணெய்த் தண்ணி நின்றது. மழைத் தண்ணியில் நனைந்த ஆல்பத்தைக் காய வைக்கலாம். எண்ணெய்த் தண்ணியில் ஊறிய டிஸ்க்கில் இருந்து கல்யாண வீடியோவை மீட்பது பெரிய செலவு, அப்பவும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

அதனால் மூன்று, இரண்டு, ஒன்று என்ற பழைய விதி. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு பகுதியில். மணலியில் தரைத்தளத்தில் இருக்கிறவர் ஒரு வெளி டிஸ்க்கை அம்பத்தூர் அக்கா வீட்டிலோ சொந்த ஊரிலோ வச்சிடுங்க. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுசை ஏற்றிக்கொண்டு வாங்க. இதுக்கு மாதச் சந்தா ஒன்றும் இல்லை.

இன்சூரன்ஸும் பாருங்க. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தர்றாங்க. வெள்ளம், புயல் அதில் அடக்கம். வாடகைக்கு இருக்கிறவர் வீட்டுப் பொருளுக்கு மட்டும்கூட எடுக்கலாம். பாலிசி டிஸ்க்கின் விலையைத் தரும். அதற்குள் இருந்த வீடியோவைத் தராது.

எங்கே வைப்பது?

தரையிலோ டிவி ஸ்டாண்டின் அடித்தட்டிலோ வேண்டாம். சுவரில் உயரமான அலமாரி நல்லது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிகவும் மாசுபட்டதாகப் பட்டியலிட்ட தொழில் பகுதிகளில் மணலியும் ஒன்று. கந்தகம் கலந்த காற்று சர்க்யூட் போர்டில் இருக்கிற வெள்ளி, செம்பு இழைகளை அரிக்கும். எண்ணூர், திருவொற்றியூர் கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று வேற. ஜன்னல் ஓரத்தில் வைக்காதீங்க. அதுக்காக மூடின பீரோவுக்குள்ளும் வைக்காதீங்க, மே மாதச் சூட்டில் டிஸ்க் வெந்திடும். மாதம் ஒரு தடவை தூசி தட்டினால் போதும்.

முடிந்தால் நாஸையும் டிவியையும் ரவுட்டரோடு கேபிளில் இணைச்சிடுங்க. டிவிடி படத்துக்கு நொடிக்கு 10 மெகாபிட் போதும், வைஃபையே தாங்கும். புளூரே என்றால் 40, 50 வரை போகும், பக்கத்து அறையில் வைஃபை திணறும்.

வெளியே திறந்து விடாதீங்க

"ஊர்ல இருந்தும் பார்க்கலாம்" என்று ரவுட்டரில் கதவைத் திறந்து விடுவதுதான் ஆபத்து. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இன்டர்நெட்டுக்குத் திறந்திருந்த கியூநாப் நாஸ்களைப் பூட்டி, திறக்க 0.03 பிட்காயின் கேட்டது. அதற்கு முன் 2021 ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற பழைய சாதனத்தை வைத்திருந்த பலருக்கு ஒரே இரவில் எல்லாக் கோப்பும் அழிஞ்சது. அந்தச் சாதனத்துக்கு 2015-லேயே அப்டேட் நிறுத்தியிருந்தாங்க.

நம்ம ஆட்கள் படத்தோடு சேர்த்து ஃபார்ம் 16, பான், ஆதார் ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் அதே பெட்டியில் போட்டு வைப்பாங்க. பூட்டினால் எல்லாம் சேர்ந்து போகும், திருடினால் உங்க பேரில் லோன் எடுக்கவும் உதவும். வீட்டுக்குள் மட்டும் ஓட்டுங்க. வெளியிலிருந்து அவசியம் வேணும் என்றால் விபிஎன் வழியாக மட்டும். அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்க. வாங்கும்போது "இந்த மாடலுக்கு எத்தனை வருடம் அப்டேட் வரும்?" என்று கேளுங்க.

இந்த வார வேலை

1. வீட்டில் இருக்கிற ஒரிஜினல் டிஸ்க்கை எண்ணி, ஜிபி கணக்கு போடுங்க. 1 டெராபைட்டுக்குள் வந்தால் நாஸ் பேச்சை ஒத்தி வைங்க.

2. கடைசி கரண்ட் பில்லை எடுத்து எத்தனை யூனிட் என்று பாருங்க. 470-க்கு மேல் என்றால் கவனம்.

3. ஆறு மாதச் செலவுக்கு அவசர நிதி இருக்கா? இல்லைன்னா 56,000 ரூபாயின் முதல் இடம் அதுதான். நாஸுக்கு இஎம்ஐ கட்டிக்கிட்டே ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கிரெடிட் கார்டு தேய்க்கிற நிலைமை வரக் கூடாது.

4. பழைய லேப்டாப்பில் ஜெல்லிஃபின் போட்டு மூன்று மாதம் ஓட்டிப் பாருங்க. வாரத்தில் எத்தனை நாள் உண்மையிலேயே பார்க்கிறீங்க என்று குறிச்சு வைங்க. மூன்றாவது மாதமும் தினமும் பார்த்தால், அப்புறம் நாஸ் பற்றி யோசிக்கலாம்.

5. இது எல்லாத்துக்கும் முன்னாடி, வீட்டுப் பரணில் இருக்கிற அந்தக் கல்யாண வீடியோ கேசட்டை இறக்குங்க. விஎச்எஸ் நாடா வருடா வருடம் கெட்டுக்கிட்டே போகும், அதை ஓட்டுகிற பிளேயரும் இப்ப அபூர்வம். மாற்றிக் கொடுக்கிற ஸ்டூடியோ இன்னும் சில இடங்களில் இருக்கு. ஒரு கேசட்டுக்கு எவ்வளவு என்று கேட்டு, இந்த மாதப் பட்ஜெட்டில் முதல் வரியில் எழுதிடுங்க.

உங்க பில் யூனிட், டிஸ்க் எண்ணிக்கை, கடை விலை மூன்றையும் போட்டால் உங்களுக்கான மாதச் செலவு எப்படி வரும் என்று அடுத்த வீடியோவில் ஷீட்டோடு காட்டறேன். அதுவரை இஎம்ஐ பட்டனை அழுத்தாம இருங்க.